செவிக்குள் ஒரு மலைக்கோட்டை

தமிழில் 'குரல்' என்னும் சொல்லுக்குப் பொருள் பல. மாந்தர் மிடற்றிலிருந்து எழும் ஒலியும் குரல். முற்றிய தினையின் கதிரும் குரல். ஏழிசையுள் முதலாவதும் குரல். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு பெயர்களையும் ஆயர் மகளிர் எழுவருக்குச் சூட்டி, அவர்களை வட்டமாக நிறுத்தி மாதரி குரவை ஆடச் செய்ததைச் சிலப்பதிகாரம் பயின்றோர் அறிவர். அப்பகுதியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர் எவரேனும் ஒருவர் எழுந்து, "ஐயா, குரல் என்பது எவ்வளவு உயரத்தில் தொடங்கும்?" என்று வினவுவதுண்டு. நல்ல வினா. பாடுவோர் எங்கே தொடங்குகின்றாரோ அதுவே குரல் என்பது விடை. ஆயினும் அவ்விடை அடுத்த வினாவைப் பிறப்பிக்கும். ஒலிக்கு 'உயரம்' என்று ஒன்று உண்டா? அதை அளப்பது யார்?

இசைவாணர் இதனைச் சுருதி என்பர். மேடையில் 'ஒரு கட்டை', 'ஐந்து கட்டை' என்பர். நாகூர் ஹனிபா (1925–2015) அவர்களின் எடுப்பான குரலைக் கேட்டு வளர்ந்த நம் பெரியவர்கள், "எட்டுக்கட்டைக் குரல்" என்று வியந்து கூறுவர். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே. இவ்வினா எனக்கு ஏட்டளவில் நின்றிருந்தால் இக்கட்டுரை பிறந்திராது. என் அத்தாவின் செவி தளர்ந்த நாளிலிருந்து அது எங்கள் வீட்டு வினாவாயிற்று. தமிழாசிரியனாகிய நான் அறிவியல் நூல்களைப் புரட்ட நேர்ந்ததும் அதனாலேயே.

காற்றில் இருப்பதும் கருத்தில் இருப்பதும்

ஒலி என்பது காற்றின் அதிர்வு. ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்னும் எண்ணை ஹெர்ட்ஸ் என்னும் அலகால் குறிப்பர். ஆர்மோனியப் பெட்டியின் ஒரு கட்டை ஏறத்தாழ 262 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டை ஏறத்தாழ 392 ஹெர்ட்ஸ். இளமையும் நலமும் உள்ள செவி 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதிர்வெண் இரட்டித்தால் அதே சுரம் மேல்நிலையில் ஒலிக்கும். ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும்போது, அவர்தம் குரல்கள் ஒன்றுக்கொன்று இருமடங்காக நின்றும் 'ஒரே சுரம்' என்று நாம் கொள்வது இதனால்தான்.

ஆனால் அதிர்வெண் வேறு, சுருதி வேறு. முன்னது காற்றில் நிகழ்வது, கருவியால் அளக்கத்தக்கது. பின்னது நம் கருத்தில் தோன்றுவது. சர்க்கரையில் இருப்பது ஒரு வேதிப்பொருள். இனிப்பு நாவோடு சேர்ந்த பின்னரே பிறக்கிறது. சுருதியும் அத்தகையதே.

திருவரங்கம் தொடர்வண்டி நிலையத்தின் அருகே நின்று, நில்லாமல் விரையும் வண்டியின் ஊதலைக் கேட்டிருக்கிறீர்களா? வண்டி நெருங்கும்போது ஊதல் உயர்ந்தும், கடந்து கொள்ளிடத்தை நோக்கி விலகும்போது தாழ்ந்தும் ஒலிக்கும். ஆஸ்திரிய நாட்டு அறிஞர் டாப்ளர் 1842இல் கூறிய விதி இது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி சென்றால், வரும் ஒலிக்கும் போகும் ஒலிக்கும் இடையே ஏறத்தாழ ஒரு முழுச்சுர வேறுபாடு இருக்கும். ரிஷபத்தில் ஊதிக்கொண்டு வந்த வண்டி சட்சத்தில் ஊதிக்கொண்டு போகும் எனலாம். இவ்விதியைச் சரிபார்க்க 1845இல் ஆலந்து நாட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? வண்டியில் எக்காளம் ஊதுவோரை ஏற்றினர். பாதையோரம் சுருதி ஞானம் மிக்க இசைவாணரை நிறுத்தினர். அதிர்வெண்ணைக் காட்டும் கருவி கையில் இல்லாத அக்காலத்தில் மனிதச் செவியே அளவுகோலாயிற்று.

அச்செவிக்கும் மயக்கம் உண்டு. சீரான வேகத்தில் நேரே வரும் வண்டியின் ஊதல் நெருங்க நெருங்க ஏறிக்கொண்டே போவதாகப் பலர் உறுதியாகக் கூறுவர். உண்மையில் அது ஏறுவதில்லை. உயர்ந்த ஒரே நிலையில் நின்று, நம்மைக் கடக்கும்போது இறங்குகிறது. ஏறுவது ஒலியின் வலிமை. வலிமையின் ஏற்றத்தை உயரத்தின் ஏற்றமாக மனம் கொண்டுவிடுகிறது என்பதை 1990களில் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர்.

படிகள் ஏறும் ஒலி

செவியின் உள்ளே, பட்டாணி அளவே உள்ள இடத்தில், நத்தைக்கூடு போலச் சுருண்ட ஒரு குழல் இருக்கிறது. இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுருண்ட அதனை நீட்டினால் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளம் வரும். அதனுள் திரவம், திரவத்தின் நடுவே நீளவாட்டில் ஒரு மென்சவ்வு. இச்சவ்வு அடிவாரத்தில் குறுகி, விறைத்து நிற்கும். மேலே செல்லச் செல்ல அகன்று, தளர்ந்து கிடக்கும்.

திருச்சிராப்பள்ளியில் வாழும் நமக்கு இதனை விளக்க மலைக்கோட்டையே போதும். அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், இடையில் தாயுமானவர், உச்சியில் பிள்ளையார் என அமைந்த குன்றில் மக்கள் ஏறுவதாகக் கொள்வோம். சிலர் அடிவாரத்திலேயே நின்றுவிடுவர். சிலர் பாதி வழி ஏறுவர். சிலரே உச்சி காண்பர். நத்தைக்குழலுள் புகும் ஒலியும் அவ்வாறே படியேறுகிறது. மேல்சுருதி ஒலி, விறைத்த அடிவாரத்தை மட்டும் குலுக்கி அங்கேயே அடங்கும். கீழ்ச்சுருதி ஒலி சுருள் முழுவதையும் கடந்து, தளர்ந்த உச்சியைச் சென்று அசைக்கும். உயர்ந்த சுரத்துக்கு அடிவாரம், தாழ்ந்த சுரத்துக்குச் சிகரம் என்னும் இந்த முரண் நினைக்குந்தோறும் வியப்பளிப்பது.

ஒவ்வோர் அதிர்வுக்கும் சவ்வில் ஓரிடம் உண்டு என்று செருமானிய அறிஞர் எல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளிவந்த தம் நூலில் கூறினார். அங்கேரி நாட்டில் தொலைபேசிப் பொறியாளராகப் பணியாற்றிய பெக்கேசி, இறந்தோரின் செவிகளைத் திறந்து, சவ்வின்மீது அலை படியேறிச் செல்வதைக் கண்ணாலேயே கண்டார். 1961இல் நோபல் பரிசு பெற்றார். அச்சவ்வின்மேல் மயிர் போன்ற நுண்ணிழைகளைத் தாங்கிய உயிரணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. உள்வரிசையில் இருப்பவை ஏறத்தாழ 3,500. வெளிவரிசைகளில் ஏறத்தாழ 12,000. வெளிவரிசை அணுக்கள் தாமும் துள்ளி மெல்லொலியைப் பெருக்குகின்றன. உள்வரிசை அணுக்கள் செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. பயின்ற செவி 1,000 ஹெர்ட்ஸ் ஒலியையும் 1,003 ஹெர்ட்ஸ் ஒலியையும் வேறுபடுத்தி அறிவது இவற்றின் கூட்டுழைப்பால்தான். பறவைகளுக்கு இவ்வணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைக்கும். மனிதர்க்கு முளைப்பதில்லை. இவ்வொரு செய்தியை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

நிலமும் பொழுதும்

'இடம்' ஒன்றே சுருதியை உணர்த்துகிறதா? இல்லை என்பது பிற்கால ஆய்வின் முடிவு. நரம்பிழைகள் அதிர்வின் தாளத்தோடு ஒட்டித் துடிக்கின்றன. நொடிக்கு 200 முறை காற்று அதிர்ந்தால், அந்த இடைவெளி பிசகாமல் துடிப்புகள் மூளைக்குச் செல்கின்றன. ஒரே நரம்பிழை ஒவ்வோர் அதிர்வுக்கும் துடிக்க இயலாதபோது, ஏற்றம் இறைப்போர் முறைவைத்து இறைப்பது போலப் பல இழைகள் மாறி மாறித் துடித்துக் கணக்கை நிறைவு செய்கின்றன. ஏறத்தாழ 4,000 அல்லது 5,000 ஹெர்ட்ஸ் வரை இத்தாளக்கட்டு நீடிக்கும். அதற்கு மேல் இடம் ஒன்றே துணை.

ஆக, சுருதியை அறிய மூளைக்கு இரு சான்றுகள்: ஒலி சவ்வில் எங்கே விழுந்தது என்பது ஒன்று, எந்த இடைவெளியில் துடித்தது என்பது மற்றொன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியர் வகுத்தது அகத்திணைக்கு. செவிக்கும் அது பொருந்தி நிற்பது தமிழ் பயின்றோர்க்குத் தனி மகிழ்ச்சி தருவதாகும்.

இல்லாத குரலைக் கேட்கும் செவி

எங்கள் அண்ணன் வளைகுடா நாட்டில் பணியாற்றிய காலத்தில், வெள்ளிதோறும் பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு அவரது அழைப்பு வரும். "அம்மா" என்னும் ஒரே சொல்லில் மகனின் குரலை அம்மா அடையாளம் கண்டுகொள்வார்கள். சளி பிடித்திருக்கிறது, சாப்பிடவில்லை, கவலையில் இருக்கிறான் என்றெல்லாம் அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும். இதில் ஓர் அதிசயம் அடங்கியிருக்கிறது. ஆடவர் பேச்சின் அடிப்படை அதிர்வு பெரும்பாலும் 100 முதல் 150 ஹெர்ட்ஸுக்குள் அமையும். அக்காலத் தொலைபேசிக் கம்பியோ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளையே கடத்தும். அண்ணன் குரலின் அடித்தளம் கடல் கடந்து வரவே இல்லை! வராத குரலை அம்மா கேட்டது எவ்வாறு?

குரலோ, தந்தியோ, எதுவும் ஒற்றை அதிர்வாக ஒலிப்பதில்லை. அடிப்படை அதிர்வு 200 எனில், 400, 600, 800, 1,000 எனும் மேலதிர்வுகளும் உடன் எழும். அடிப்படையாகிய 200ஐ முழுமையாக நீக்கிவிட்டு, 600, 800, 1,000 ஆகியவற்றை மட்டும் ஒலித்தாலும் செவி 200க்குரிய சுருதியையே கேட்கும். பிள்ளைகளின் சாயலைப் பார்த்துக் காணாத தந்தையை ஊரார் சொல்லிவிடுவதில்லையா? மூளையும் அவ்வாறே மேலதிர்வுகளின் உறவைக் கண்டு அடிப்படையை மீட்டெடுக்கிறது. 1841இல் சீபெக் என்பவர் சுழலும் சைரனைக் கொண்டு இதனைச் சுட்டினார். மின்தடை விதியால் நம் மாணவர் நன்கறிந்த ஓம் அதை மறுத்தார். நெடுநாள் நீடித்த அவ்வழக்கில் சீபெக் கண்டதே மெய் எனப் பின்னர் நிலைபெற்றது. 2005இல் மார்மோசெட் என்னும் சிறு குரங்கின் மூளையில், இல்லாத அடிப்படைக்கும் இருப்பதற்கும் ஒன்றுபோலவே துடிக்கும் நரம்பணுக்களை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 1939 முதல் ஒலித்துவரும் திருச்சி வானொலியின் மங்கள இசையைக் கையடக்கப் பெட்டியில் கேட்டு நம் தெருக்கள் விழித்தனவே, அச்சிறு ஒலிபெருக்கி தவிலின் கனத்த ஒலியை முழுமையாகத் தந்ததில்லை. குறையை நிரப்பியவை நம் மூளைகள்.

ஆனைக்காவில் பிறந்தவர் கேட்ட மிருதங்கம்

மேலதிர்வுகளைப் பற்றிப் பேசும்போது, திருச்சிக்கும் திருவரங்கத்துக்கும் இடையே அமைந்த திருவானைக்காவில் 1888 நவம்பர் 7இல் பிறந்த சர் சி.வி. இராமனை நினையாதிருத்தல் இயலாது. ஒளிச்சிதறல் ஆய்வுக்காக 1930இல் நோபல் பரிசு பெற்ற அப்பெருமகன், அதற்கு முன் பல்லாண்டுகள் ஒலியையே ஆராய்ந்தார். அவர்தம் தந்தையார் வயலின் வாசிப்பதில் ஈடுபாடு கொண்டவர்.

சாதாரணப் பறையின் தோலைத் தட்டினால் எழும் மேலதிர்வுகள் அடிப்படையின் 1.59, 2.14, 2.30 மடங்குகள் எனச் சீரற்று நிற்கும். அவற்றிடையே உறவு காணாத மூளை, தெளிந்த சுருதி எதனையும் கொள்வதில்லை. ஓசை என்று கேட்டு விட்டுவிடுகிறது. மிருதங்கத்தின் வலந்தலையோ சுருதி கூட்டத்தக்கது. இதற்குக் காரணம் அதன் நடுவே அமைந்த கரிய கரணை. கல்லைப் பொடித்துச் சோற்றுடன் பிசைந்து, அடுக்கடுக்காகத் தேய்த்து அமைக்கும் அப்பூச்சு தோலின் நடுப்பகுதியைக் கனமாக்கி, மேலதிர்வுகளை 1, 2, 3, 4, 5 என்னும் முழு எண் வரிசையில் நிறுத்துகிறது. இதனை இராமன், சிவகாளி குமார் என்பாருடன் சேர்ந்து 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். 1930களில் தோலின்மேல் மணல் தூவி, அதிராத கோடுகளைக் கண்ணுக்குக் காட்டி மேலும் விரித்துரைத்தார். இயற்பியல் பட்டம் பெறாத நம் கைவினைஞர், தட்டித் தட்டிக் கேட்ட செவியறிவு ஒன்றையே கொண்டு பல தலைமுறைகளுக்கு முன்பே கண்டடைந்த நுட்பம் அது. தம்புராவின் குதிரைமேல், கம்பிக்கு அடியில் செருகும் சிறு நூலிழையால் மேலதிர்வுகள் செழித்தெழுவதையும் இராமன் 1921இல் ஆராய்ந்தார். சட்சத்தை மீட்டிய தம்புராவில் எவரும் மீட்டாத காந்தாரம் தானாகவே கேட்கும் என்பர் இசைவாணர். அது ஐந்தாம் மேலதிர்வு.

நம் முன்னோர் சுரங்களிடையே இணை, கிளை, நட்பு, பகை என உறவுமுறை வகுத்தது வெறுங்கற்பனை அன்று. இரு சுரங்கள் தம் மேலதிர்வுகளில் எவ்வளவு பங்கு கொள்கின்றனவோ அவ்வளவுக்கு அவை செவியில் இயைகின்றன. பத்தாம் நூற்றாண்டில் இசை பற்றிப் பெருநூல் எழுதிய அறிஞர் அல்-ஃபாராபி (மறைவு 950), விண்கோள்கள் இசை எழுப்புகின்றன என்ற பழைய கிரேக்க மரபை ஏற்கவில்லை. இசைக்குச் சான்று செவியே என்னும் நெறியில் நின்றார். கிழக்கிலும் மேற்கிலும் அறிஞர் பலர் வந்து சேர்ந்த இடம் இதுவே.

காவிரிக்கு அப்பால் கேட்ட நாதசுரம்

என் அத்தா இரும்புப் பட்டறை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தகடு அடித்தவர். பள்ளிப்படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் நல்ல குரல். மோதினார் ஊருக்குப் போன நாள்களில் எங்கள் தெருப் பள்ளிவாசலில் பாங்கு சொல்வார்கள். அவர்களுக்கு நாதசுரத்தின்மேல் தீராத விருப்பம். திருவரங்கத்தில் ஷேக் சின்ன மௌலானா வாசிக்கிறார் என்று தெரிந்தால், மிதிவண்டியின் பின்னே என்னை அமர்த்திக்கொண்டு காவிரிப் பாலத்தைக் கடந்துவிடுவார்கள். அழைப்பு இருக்கிறதா என்பது பொருட்டன்று. திருமண வீட்டுப் பந்தலுக்கு வெளியே, வேப்பமர நிழலில் மிதிவண்டியைச் சாய்த்து நின்றபடியே கேட்போம்.

ஆந்திர நாட்டுக் கரவதி என்னும் ஊரில் 1924இல் இசுலாமிய நாதசுரக் குடும்பத்தில் பிறந்து, தஞ்சைப் பாணியில் மனம் தோய்ந்து, திருவரங்கத்தையே தம் ஊராகக் கொண்டு, 1977இல் பத்மஸ்ரீயும் 1998இல் சங்கீத கலாநிதியும் பெற்று, 1999இல் மறைந்த அப்பெருங்கலைஞரை இவ்வூரார் அனைவரும் தம்மவராகவே போற்றினர். அரங்கநாதர் வீதிகளில் அவர்தம் நாதசுரம் ஒலித்ததை இவ்வூர்ப் பெரியவர்கள் இன்றும் நெஞ்சம் நெகிழக் கூறுவர்.

நாதசுரம் செவிக்குப் பெருஞ்சோதனை வைக்கும் கருவி. ஆர்மோனியத்தில் கட்டையை அழுத்தினால் சுருதி தானே வரும். நாதசுரத்திலோ விரல் துளையை மூடுவது பாதி வேலை. சீவாளியை உதட்டால் இறுக்கியும் தளர்த்தியும், மூச்சின் விசையைக் கூட்டியும் குறைத்தும் சுரத்தின் நுண்ணிய ஏற்ற இறக்கங்களைக் கலைஞர் கணந்தோறும் படைக்க வேண்டும். அருகில் ஒத்து இடையறாது ஒலிக்கும். அதனோடு தம் ஒலியை ஒப்பிட்டு, பிசகு தோன்றுமுன்னே திருத்தும் செவி வேண்டும். வாசிப்பவர் தம் செவியாலேயே வாசிக்கிறார் எனலாம். அத்தாவோ இராகங்களின் பெயர் அறியாதவர்கள். "இது அன்றைக்கு வாசித்ததேதான், இன்றைக்கு ஒரு பிடி இறக்கி வாசிக்கிறார்" என்பார்கள். கற்றாரிடம் கேட்டால் அது சரியாகவே இருக்கும்.

உயிர் கேட்டது, மெய் கேட்கவில்லை

அறுபதைக் கடந்ததும் அத்தா கூட்டங்களுக்குச் செல்வதைக் குறைத்தார்கள். ஜும்ஆ பயானில் பின்வரிசைக்குப் போனார்கள். "பத்து" என்றால் "எட்டா?" என்பார்கள். "செட்டியார் வந்தார்" என்றால் வேறு எவரையோ விசாரிப்பார்கள். "வேண்டியது மட்டும் காதில் விழுகிறது" என்று உறவினர் சிரித்தனர். அவ்வையம் எழக் காரணமும் இருந்தது. தொலைவில் நாதசுரம் ஒலித்தால், "மௌலானா சீடர் யாரோ வாசிக்கிறார்" என்று சரியாகச் சொல்லும் ஒருவர், எதிரில் நின்று கேட்கும் பேரனின் சொல்லை அறியாதது எவ்வாறு? இதைப் பிடிவாதம் என்றே ஊர் கொண்டது. அத்தா சொன்னது ஒன்றே: "குரல் கேட்குது, சொல் கேட்கலை."

செவி மருத்துவரிடம் எடுத்த வரைபடம் அச்சொல்லுக்கு உரை எழுதியது. தாழ்ந்த அதிர்வுகளில் கோடு திருவரங்கத் தீவு போலச் சமமாகச் சென்றது. 3,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் மலைக்கோட்டை உச்சியிலிருந்து குதித்தது போலச் செங்குத்தாக வீழ்ந்தது. பேரொலியில் பல்லாண்டு உழைத்தோர்க்கு 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியே முதலில் தேய்கிறது. முதுமையும் மேல்சுருதியிலிருந்துதான் தன் வேலையைத் தொடங்குகிறது. நத்தைக்குழலின் அடிவாரப் பகுதி உதிர்ந்துவிட்டது. மேற்படிகள் நலமாக நின்றன.

இங்கேதான் தமிழிலக்கணம் எனக்குக் கைகொடுத்தது. பிறப்பியலில் தொல்காப்பியர் எழுத்துகள் பிறக்கும் இடங்களைப் பகுத்துரைக்கிறார். தடையின்றி வரும் காற்றால் பிறப்பன உயிர். நாவும் பல்லும் இதழும் பொருந்தத் தடைபட்டுப் பிறப்பன மெய். அ, ஆ, இ, ஈ முதலிய உயிர்களின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த, நடுத்தர அதிர்வுகளில் நிறைந்திருக்கும். சுருதியையும் அவையே தாங்கும். ச, த, ட, ப போன்ற மெய்களை வேறுபடுத்தும் கூறுகளோ மெலிந்தவை. மேலதிர்வுகளில் கணப்பொழுதே தோன்றி மறைபவை. சகர ஒலியின் சீறல் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் பரவி நிற்பது. ஆகவே அத்தாவின் செவிக்கு உயிர் கேட்டது, மெய் கேட்கவில்லை. குரல் முழுமையாக வந்தது. சொல் எலும்பற்று வந்தது. மதரஸாவில் ஸீனுக்கும் ஷீனுக்கும் ஃபேக்கும் வேறுபாடு காட்டி ஓதக் கற்றவர்கள், இமாம் ஓதுவதைக் குரலாக மட்டும் கேட்டு நின்றார்கள்.

இல்லாத அடிப்படையை மீட்கும் மூளை, இல்லாத மெய்யை மீட்காதா என்று நீங்கள் வினவலாம். அடிப்படை மறைந்தாலும் அதன் செய்தி மேலதிர்வுகளில் எஞ்சியிருக்கிறது. எஞ்சியதைக் கொண்டு மூளை கணக்கிடுகிறது. மெய்யின் மேலதிர்வு மறைந்தால் எஞ்சுவது மிகச் சிறிது. மூளை ஊகிக்கத்தான் இயலும். ஊகிப்பது உழைப்பு. நாள் முழுவதும் ஊகித்துக் களைத்தவர் மாலையில் கதவைச் சாத்திக்கொள்கிறார். செவி குறைந்த முதியோர் தனிமையை நாடுவதாக நாம் எண்ணுகிறோம். அவர்கள் களைப்பை ஆற்றிக்கொள்கிறார்கள்.

உரக்கக் கத்துவதும் பயன் தராது. கத்தும்போது உயிர்தான் பெருகுகிறது, சுருதியும் ஏறுகிறது. மெய் அதே அளவுக்குப் பெருகுவதில்லை. கேட்பவர்க்கு ஓசை மிகும், சொல் தெளியாது. அதட்டல் என்னும் வருத்தம் மட்டும் எஞ்சும். முகம் தெரிய அமர்ந்து, இதழசைவு புலப்பட, நிறுத்தி நிதானமாகப் பேசுவதே முறை.

கேட்கும் திறன் குறைந்துபோன உயர்ந்த அதிர்வுகளை மட்டும் தேர்ந்து பெருக்கும் செவிக்கருவியை அத்தாவுக்கு வாங்கினோம். கண்ணாடி அணிவது படித்தவர் அடையாளம், காதில் கருவி வைப்பது கிழவர் அடையாளம் என்று முதலில் மறுத்தார்கள். அணிந்த முதல் வாரம் பாத்திரம் தேய்க்கும் ஒலியும் தாளைப் புரட்டும் ஒலியும் முள்ளாய்க் குத்தின. பல்லாண்டு கேளாதவற்றை மூளை மீண்டும் பழகிக்கொள்ளச் சில வாரங்கள் ஆயின. பின்னர் ஒருநாள் பள்ளியிலிருந்து வந்த பேரன் ஸலாம் சொன்னபோது நிமிர்ந்து பார்த்து, "இவ்வளவு நாளா எல்லாரும் 'அலாமு'ன்னுதான் சொல்லிட்டு இருந்தீங்க, இன்னிக்குத்தான் 'ஸ்' கேக்குது" என்றார்கள். ஓரெழுத்து, அதுவும் ஒற்றெழுத்து, ஒரு மனிதரை வீட்டுக்குள் மீட்டுக் கொண்டுவந்தது.

கேள்விச் செல்வம் காப்போம்

பிறவியிலேயே செவிப்புலன் இழந்த குழந்தைகளுக்கு இன்று நத்தைக்குழலுள் மின்முனைகளைச் செலுத்தும் அறுவை மருத்துவம் உண்டு. நம் மாநிலத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் ஏழைக் குழந்தைகளும் இதனைப் பெறுகின்றனர். பரவலாகப் பொருத்தப்படும் ஒருவகைக் கருவியில் உள்ள மின்முனைகள் 22. நம் இசைநூல் மரபில் குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2 என வகுத்த அலகுகளின் தொகையும் 22. தற்செயல் ஒப்புமைதான், எனினும் எண்ணத் தூண்டுவது. ஆயிரக்கணக்கான உயிரணுக்கள் செய்த பணியை 22 முனைகள் செய்யும்போது, பேச்சு புரிகிறது. இசையின் சுருதியோ மங்கலாகவே கேட்கிறது. அத்தாவின் நிலைக்கு இது நேர் எதிர். அவர்களுக்குக் குரல் நின்றது, சொல் போயிற்று. இக்குழந்தைகளுக்குச் சொல் கிடைக்கிறது, குரல் அரிதாகிறது. இரண்டும் சேர்ந்து இயல்பாகவே வாய்க்கப்பெற்ற நாம், பெற்றிருப்பது எத்துணை அரிய பேறு என்பதை உணர்கின்றோமா?

கேள்விக்கு ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். அச்செல்வத்தைக் காக்கும் கடமை இளைஞர்க்கு உண்டு. வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல் அளவு வரையே செவிக்குப் பாதுகாப்பு என உலக நல்வாழ்வு நிறுவனம் வரையறுத்துள்ளது. ஒலி கூடினால் பொறுக்கும் நேரம் விரைந்து குறையும். செவிக்குள் செருகும் ஒலிக்கருவியை முழுவிசையில் வைத்துப் பேருந்தில் ஒருமணி நேரம் பயணம் செய்யும் மாணவர், என் அத்தா பட்டறையில் கூலிக்கு இழந்ததை விலை கொடுத்து இழக்கிறார். நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என எல்லை வகுத்துள்ளன. திருமணம், திருவிழா, பொதுக்கூட்டம் எதுவாயினும் ஒலிபெருக்கி அமைப்போர் இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும். இதில் எவ்வூரும் எச்சமயத்தாரும் விலக்கல்லர். பட்டறைகளிலும் ஆலைகளிலும் பணிபுரியும் தந்தையரைப் பெற்ற மாணவர்கள், செவியடைப்பான் அணியுமாறு இன்றே வற்புறுத்துங்கள். உதிர்ந்த உயிரணு மீண்டும் முளைப்பதில்லை.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குரல் கேட்டுச் சொல் கேளாத நிலை வந்தால் அதனை விதியென்றோ வெட்கமென்றோ கொள்ளாதீர்கள். செவியை அளந்து பார்ப்பது அரைமணி நேர வேலை. காலம் தாழ்த்தினால் கேளாமைக்கு மூளையும் பழகிவிடும்.

மாணவர்களே, உங்கள் இல்லத்தில் இருமுறை கேட்டும் புரியாமல் மூன்றாம் முறை கேட்கத் தயங்கி, புன்னகையோடு தலையசைத்துவிடும் ஒரு முதியவர் இருக்கக்கூடும். அவருக்கு உங்கள் குரல் போய்ச் சேர்ந்துவிட்டது. சொல்லும் சேரும்வரை சற்றே அருகில் அமருங்கள்.